தொப்பி போட்ட மீனும் இருநூறு போலீஸ் தலைவர்களும்

"இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு முடியறதுக்குள்ள, இந்த ஓட்டல்ல இருக்கற இருநூறு போலீஸ் தலைவர்களும் தாங்களாவே பாக்கெட்டுல கையை விட்டு, உள்ள இருக்கறத எடுத்து மேஜை மேல வைப்பாங்க. வாரண்ட் கிடையாது. மிரட்டல் கிடையாது. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார் துப்பறியும் வில்பர் ஸ்டோல்ட். அப்போது அவர் வாயில் பொரித்த சீஸ் உருண்டைகள் இரண்டு இருந்தன.

அவருடைய உதவியாளர் மேவிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பாக்கெட் விஷயத்த நம்பிடலாம் பாஸ். நீங்க வாயத் திறக்க மாட்டேங்கறீங்களே, அதான் தொண்டைல இறங்க மாட்டேங்குது."

எதிரே உட்கார்ந்திருந்த நார்பர்ட் கெர்க்கி சிரிக்கவில்லை. மனிதர் சிரித்துக் கடைசியாகப் பார்த்தவர்கள் இப்போது உயிரோடு இல்லை. விஸ்கான்சின் போலீஸ் தலைவர்கள் சங்கம் ஒன்றின் மாதப் பத்திரிகை 'தலைமை மடல்'. அதற்கு அவர்தான் ஆசிரியர், நிருபர், புகைப்படக்காரர், எல்லாம். அவர் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடமாகக் கெட்டது எதுவும் நடந்ததில்லை. ஒரு தலைவர் கையூட்டு வாங்கி மாட்டிக்கொண்டால், 'குடும்பத்தினருடன் நேரம் செலவிட விரும்பி ஓய்வு பெற்றார்' என்று வரும். இன்னொருவர் குடித்துவிட்டு ரோந்துக் காரை ஏரிக்குள் இறக்கியபோது, 'நீர்நிலைப் பாதுகாப்பில் அவர் காட்டும் ஆர்வம்' என்று அரைப் பக்கம் படத்துடன் வந்தது.

"ஒரு போலீஸ் தலைவர் தன் பொண்டாட்டிகிட்டயே பாக்கெட்டக் காட்ட மாட்டார்" என்றார் நார்பர்ட். "அப்படியெல்லாம் எதுவும் நடக்காது. நேத்து ராத்திரி கூட எதுவும் நடக்கல."

"மீன் காணாமப் போச்சே சார்" என்றாள் மேவிஸ்.

"மீன் தற்காலிகமா வேற இடத்துல இருக்கு."

மீன் என்றால் சாதாரண மீனா? சார்ஜன்ட் எர்னி. சங்கத்தை ஆரம்பித்த புண்ணியவான் உறைந்த ஏரியில் பனி உடைத்துப் பிடித்து, பாடம் செய்து, பச்சைப் பலகையில் பொருத்தி, தலையில் போலீஸ் தொப்பி மாட்டிவைத்த மஸ்கி என்னும் ஏரி மீன். வருடா வருடம் மாநாட்டில் 'ஆண்டின் சிறந்த தலைவர்' யாரோ, அவர் அதை ஒரு வருடத்துக்குத் தன் ஊருக்குக் கொண்டுபோவார். பிடித்த அன்றைக்கு அது ஒரு ஆள் கை நீளம். ஒவ்வொரு மாநாட்டுப் பேச்சிலும் வளர்ந்துகொண்டே வந்து, நேற்று ராத்திரி எழுதிவாங்கிய சாட்சியங்களின்படி ஒரு குதிரைக்கு அரை சாண்தான் குறைச்சல்.

அது போன விதம் இப்படி. இரவில் பார்க்கும் கண்ணாடி விற்க வந்த கம்பெனிக்காரன், செயல்விளக்கத்துக்காக விருந்து மண்டபத்தின் விளக்குகளை அணைக்கச் சொன்னான். இருநூறு தலைவர்களும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். ஒன்றிலும் பேட்டரி சார்ஜ் ஏறியிருக்கவில்லை. கும்மிருட்டில் அரைமணி நேரம், 'ஆகா, என்ன துல்லியம்' என்று ஆளுக்கு ஆள் பாராட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிவது நமக்குத் தெரியவில்லை என்று ஒரு போலீஸ்காரன் எப்படிச் சொல்லுவான்? விளக்கு எரிந்தபோது சுவரில் நான்கு ஓட்டைகள் இருந்தன. எர்னி இல்லை.

உடனே விசாரணைக் குழு அமைத்தார்கள். ஓட்டலின் பாதி ஒரு ஊரிலும் மீதி இன்னொரு ஊரிலும் இருப்பதால், மீனின் தலை திருடப்பட்டது யார் எல்லையில், வால் திருடப்பட்டது யார் எல்லையில் என்று ஒரு துணைக் குழு. விசாரணைக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னொன்று. அது விடியும்வரை கூடிக் கலைந்து மறுபடி கூடியிருக்கிறது.

"வா, காலைச் சாப்பாட்டுக்குக் கூட்டம் சேர்றதுக்குள்ள மண்டபத்தப் பாத்துட்டு வரலாம்" என்று எழுந்தார் வில்பர். அவர் எழுந்ததும் நாற்காலி பெருமூச்சு விட்டது.

மண்டபத்து வாசலில் ஒரு மின்னணுச் சட்டகம் நின்றது. இன்னொரு கம்பெனிக்காரன் இலவசமாக வைத்துக்காட்டும் உலோகச் சோதனைக் கருவி. துப்பாக்கிகளை வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டு, சாவி, விலங்கு, சில்லறையைச் சோதனைத் தட்டில் போட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். நகவெட்டிக்குக்கூட அது ஊளையிடும். முழங்காலில் எஃகு வைத்திருக்கும் கிழத் தலைவர் ஒருவரை முந்தாநாளிலிருந்து அது மூன்று தடவை கைது செய்யப் பார்த்திருக்கிறது.

உள்ளே நீலக் கம்பளிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பைன் ஃபோர்க் ஊரின் போலீஸ் தலைவர் ஆர்லிஸ் வென்ட். தலைவரும் அவள்தான், படையும் அவள்தான். ஒரு கார், அதற்கு ஒரு ஹீட்டர், அதுவும் பாதி. இந்த வருட மாநாடு அவள் ஊர்ப் பக்கம் நடப்பதால் பாதுகாப்புப் பொறுப்பை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். வில்பரைக் கூப்பிட்டதும் அவள்தான், சொந்தக் கைக்காசில்.

"திங்கக்கிழமை ஊர்க் கவுன்சில் கூடுது சார்" என்றாள் ஆர்லிஸ். "நம்ம ஊருக்குத் தனியா போலீஸ் எதுக்கு, பேசாம இழுத்து மூடிட்டு க்ளேர்மான்ட் நகரத்துப் போலீஸ்கிட்ட ஒப்பந்தத்துக்கு விட்டுரலாமேன்னு ஓட்டெடுக்கப் போறாங்க. பாதிப் பேர் என் பக்கம் இருந்தாங்க. ஒரு செத்த மீனக்கூடக் காப்பாத்த முடியாதவள்னு தெரிஞ்சா யார் இருப்பா?"

"விளக்க அணைச்சது யாரு?"

"நான்தான். ஸ்விட்ச் இதே சுவத்துலதான் இருக்கு. அதையும் சேத்து விசாரணைக் குழு எழுதிக்கிச்சு."

வில்பர் சுவரோரம் போனார். மீன் இருந்த இடத்துக்கு நேர் கீழே, தரையைத் தொடும் வெள்ளை விரிப்புடன் தலைமை மேஜை. அதன்மேல் நான்கு திருகாணிகள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. குழுவின் ஒரே கண்டுபிடிப்பு. போன கோடையில் ஓட்டல்காரன் பலகையோடு சேர்த்து ஆணித் தலைகளுக்கும் பச்சை வண்ணம் அடித்திருந்தான். ஒவ்வொரு தலையின் பள்ளத்திலும் வண்ணம் சுரண்டப்பட்டு, பித்தளை பளபளத்தது.

"மேவிஸ், உன் பர்ஸ்ல இருக்கற சில்லறைல ஒன்னு குடு."

கால் டாலர் நாணயத்தைப் பள்ளத்தில் வைத்துத் திருகிப் பார்த்தார். மெல்லிசு. வழுக்கியது.

"இத மாட்டினவன் கொல்லன் போல. பள்ளம் இவ்வளவு அகலம்" என்றாள் மேவிஸ். "ஸ்க்ரூ டிரைவர் வேணும் பாஸ். ஆனா அத எடுத்துட்டு அந்த ஊளைக்காரனத் தாண்டி எவனாலயும் வர முடியாது."

"ஊளைக்காரன் எதையெல்லாம் தட்டுல போட்டு உள்ள விடறான்?"

மேவிஸ் யோசித்தாள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஏரிக்கரை மதுக்கடை ஒன்றில் பதினெட்டு வருடம் பிராந்தி ஊற்றியவள். போலீஸ்காரர்களின் கல்லீரல்களை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. கைப்பையின் அடியிலிருந்து, எப்போதோ எந்தத் தலைவரோ கடனுக்குப் பதிலாக விட்டுப்போன பெரிய பித்தளை வில்லையை எடுத்தாள். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் ஏதோ ஊரின் முத்திரை. சவால் காயின் என்பார்கள். ஒவ்வொரு ஊர்ப் போலீஸுக்கும் அவரவர் காயின் உண்டு. அது இல்லாமல் வெளியே வரும் தலைவர் கால்சட்டை இல்லாமல் வருவதற்குச் சமானம்.

பள்ளத்தில் வைத்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. எடுத்துப் பார்த்தால் விளிம்பின் சொரசொரப்பில் பச்சை அப்பியிருந்தது.

"இது சுலபத்துல போகாது" என்று நகத்தால் சுரண்டினாள்.

"அதான் எனக்கும் வேணும்" என்றார் வில்பர்.

மத்தியானம். மீன் பொரியலும் உருளைக்கிழங்கும். தலைவர்கள் உள்ளே வந்து உட்காரும் காட்சி இருக்கிறதே, அதற்கே டிக்கெட் போடலாம். எந்தப் போலீஸ்காரனும் கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டான். இருநூறு பேருக்கும் சுவரோரம்தான் வேண்டும். ஆகையால் நடுவில் நடன விழா நடத்துமளவு காலி இடம். சுற்றிலும் சுவரோடு சுவராக முட்டி இடிபட இருநூறு பேர். அத்தனை கண்களும் கதவுகள்மேல். நேற்று ராத்திரியும் இதே கதைதான். அதற்குப் பிறகு மண்டபத்துக்கு மஞ்சள் நாடா கட்டி, ஒவ்வொரு வாசலிலும் மும்மூன்று தலைவர்கள் ஒருவரையொருவர் நம்பாமல் விடிய விடியக் காவல் இருந்தார்கள்.

தலைமை மேஜையின் நடுவில் சங்கத் தலைவர் ஹார்லன் பிராண்ட்வோல்ட். க்ளேர்மான்ட் நகரத்துப் போலீஸுக்குத் தலைவரும் அவர்தான். கைக்கடக்கமான மீசை, கைக்கடங்காத பேச்சு. காலை உணவுக்கு அங்கே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. 'சிறு ஊர்களின் சுமையைப் பெருநகரங்கள் தாங்க வேண்டிய தருணம்' என்று இரண்டரை மணி நேரம் பேசியிருந்தார். பேச்சின் நடுவில் கழிவறைக்குக்கூடப் போகவில்லை என்று நார்பர்ட் வியந்து குறித்துக்கொண்டார். இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. பத்தொன்பது வருட மாநாடுகளில் அவர் ஒருவனுக்கு ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

வில்பர் வாயைத் திறக்காமல் மேவிஸைப் பார்த்துத் தலையசைத்தார். மேவிஸ் நடுக்கூடத்தில் தன்னந்தனியாகக் கிடந்த மேஜைக்குப் போய், காயினை உயர்த்தி ஓங்கித் தட்டினாள்.

டங்.

ஒரு கணம் மண்டபத்தில் மெல்லும் சத்தமே நின்றது. பிறகு நாற்காலிகள் கிறீச்சிட்டன. இருநூறு கைகள் இருநூறு பாக்கெட்டுகளுக்குள் பாய்ந்தன. ஒருவர் தட்டினால் அத்தனை பேரும் தங்கள் காயினை மேஜைமேல் வைத்தாக வேண்டும். இல்லாதவன் எல்லாருக்கும் குடிக்க வாங்கித் தர வேண்டும். சட்டப் புத்தகத்தை மீறுவார்கள், இதை மீற மாட்டார்கள். டங், டங், டங் என்று ஆலங்கட்டி மழை பெய்தது. எஃகு முழங்கால் கிழவர் அவசரத்தில் மாத்திரை டப்பா, பல்செட்டு, கார் சாவி எல்லாவற்றையும் கொட்டினார்.

"வாரண்ட் கேட்டாங்களா சார்?" என்றாள் மேவிஸ், நார்பர்ட்டைக் கடந்து போகும்போது. அவர் தன்னுடைய காயினைக் கையில் பிடித்துக்கொண்டு திறந்த வாயை மூடாமல் நின்றார்.

மேவிஸ் தட்டை ஏந்திக்கொண்டு மேஜை மேஜையாகப் போனாள். "உங்களுக்கு என்ன சீஃப், பிராந்தியா? சோடாவா, இனிப்பா? பாக்கட்டுமா, அடேயப்பா, அழகான காயின்." ஒவ்வொன்றின் விளிம்பையும் கட்டைவிரலால் ஒரு தடவு. சுத்தம். சுத்தம். இதில் கொஞ்சம் கெட்ச்சப். சுத்தம்.

தலைமை மேஜையில் ஒரே ஒருவர் முன்னால் மட்டும் காயின் இல்லை.

"என்னுது அறைல இருக்கு போல" என்றார் பிராண்ட்வோல்ட், முகமெல்லாம் சிரிப்பாக. "பரவால்ல. விதி விதிதான். எல்லாருக்கும் என் கணக்குல ஊத்து."

மண்டபம் கையொலியில் அதிர்ந்தது. மேவிஸ் மட்டும் கைதட்டவில்லை. இருநூறு பேருக்கு. முனகாமல். அறைக்கு ஆளனுப்பி எடுத்துவரச் சொல்லலாமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்காமல். வில்பரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு புருவத்தைத் தூக்கினார்.

கடைசி மேஜையில் ஆர்லிஸ். அவள் எதிரில் இருந்த காயினை மேவிஸ் தடவினாள். விரல் நின்றது. விளிம்பில் பச்சை.

மறைக்க நேரமில்லை. பக்கத்திலிருந்த தலைவர் எட்டிப் பார்த்தார்.

"பச்சை. பலகைல இருந்த பச்சை. யோவ், இங்க பாருங்கய்யா."

இருநூறு ஜோடி கைவிலங்குகளில் குறைந்தது நூற்றைம்பது அந்த நொடியில் வெளியே வந்திருக்கும். விசாரணைக்குப் பெயர் வைக்கும் குழு அவசரமாகக் கூடியது. ஆர்லிஸ் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"சுவிட்ச் பக்கத்துல நின்னவளும் இவதான்" என்றார் பிராண்ட்வோல்ட் வருத்தமாக. "பாவம். சின்ன ஊரு, பெரிய பாரம். நான் சொல்லிட்டேதான் இருக்கேன்."

"பாஸ், வாயத் திறந்தாச் செத்துட மாட்டீங்க. சாப்பாடு முடிஞ்சாச்சு" என்றாள் மேவிஸ்.

வில்பர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். காயினை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது பைன் ஃபோர்க் காயின் இல்லையே. க்ளேர்மான்ட் முத்திரை. தலைவர்னு பொறிச்சிருக்கு. இது உங்களுதுதானே, சீஃப் பிராண்ட்வோல்ட்?"

"என்னுதுதான்" என்றார் பிராண்ட்வோல்ட், கண்ணிமைக்காமல். "அறைல இருக்குன்னு நெனச்சேன், மறந்துட்டேன். மாநாட்டு முதல் நாள் சாயங்காலமே இந்தம்மாகூட மாத்திக்கிட்டேனே. ரெண்டு தலைவர்கள் காயின் மாத்திக்கறது வழக்கந்தான். அப்புறம் அதவெச்சு அவங்க என்ன திருகினாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"மாத்திக்கிட்டா அவங்களோடது உங்ககிட்ட இருக்கணுமே சீஃப். அத ஏன் வைக்கல?"

பிராண்ட்வோல்ட் பாக்கெட்டைத் தடவும்போது, பிராந்தி ஊற்றிக்கொண்டிருந்த பரிமாறும் பெண் தலையை நிமிர்த்தினாள். "பைன் மரம் போட்ட தகர வில்லையா? அத இவரு எனக்கு டிப்ஸா வெச்சுட்டாரு. நான் என்ன அதவெச்சு வாடகையா கட்ட முடியும்?"

சுவரோரமெல்லாம் முணுமுணுப்பு. இன்னொரு ஊர்க் காயினை டிப்ஸாக வைப்பதா? திருட்டையாவது மன்னிக்கலாம்.

"மீன் எங்க போச்சுன்னு யாருக்காவது தெரியணுமா?" என்றார் வில்பர். "கதவு வழியாப் போகல. நீங்க எல்லாரும் கதவத் தவிர வேற எதையும் பாக்கறதே இல்ல. அவனுக்கும் அது தெரியும், ஆனா லேட்டாத் தெரிஞ்சுது. எடுத்தவன் வெளிய கொண்டுபோக முடியாம மாட்டிக்கிட்டான். ஏரி, கார் நிறுத்தம், சமையல் உறைபெட்டி, எல்லாம் தேடிட்டீங்க. காலையிலேர்ந்து ஒருத்தர் கழிவறைக்குக்கூடப் போகாம ஒரே எடத்துல உக்காந்திருக்காரு. மேவிஸ், சீஃபக் கால எடுக்கச் சொல்லு."

மேவிஸ் வெள்ளை விரிப்பைத் தூக்கினாள். பளபளக்கும் காலணிகளுக்கு அடியில், பச்சைப் பலகையும் தொப்பியுமாக, சார்ஜன்ட் எர்னி கண்ணாடிக் கண்ணால் சபையைப் பார்த்தார். ஒரு ஆள் கை நீளம்தான். பல தலைவர்களுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

பிராண்ட்வோல்ட் எழுந்தார். வேர்த்திருந்தாலும் குரல் வழுக்காத குரல். "இருட்டுல அவதான் இங்க தள்ளியிருக்கா. பழியை என் காலடியில போட. காயின் முதல் நாளே அவகிட்ட போயாச்சு. இல்லைன்னு யாராவது சொல்லட்டும்."

"இன்னிக்குக் காலைலதான் மாத்துனீங்க" என்றாள் ஆர்லிஸ். "மீன் போச்சேன்னு அழுதுட்டே மன்னிப்புக் கேக்க வந்தேன். தோளத் தட்டி, தைரியமா இரும்மான்னு காயினக் குடுத்தீங்க. தலைவர் குடுத்தா மறுக்கக் கூடாதேன்னு வாங்கிக்கிட்டேன். பெருமையா இருந்துச்சு." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "மிஸ்டர் கெர்க்கி பக்கத்துலதான் இருந்தாரு. கேளுங்க."

வில்பரிடம் இதற்குமேல் துருப்புச் சீட்டு இல்லை என்று மேவிஸுக்குத் தெரிந்தது. மாற்றிக்கொண்டது நேற்றைக்கு முன் என்றால் ஆர்லிஸ் திருடி. இன்று காலை என்றால், ஆணிகள் திருகப்பட்டபோது காயின் இருந்தது பிராண்ட்வோல்ட் பாக்கெட்டில். நடுவில் நிற்பது ஒரு மனிதர். கெட்டது எதுவும் நடந்ததாக இதுவரை ஒப்புக்கொள்ளாத மனிதர். அவருடைய சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவது யார் என்பதும் மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"நார்பர்ட்" என்றார் பிராண்ட்வோல்ட் அன்பாக. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காலைல அப்படி எதுவும் நடக்கலதானே?"

நார்பர்ட் தன் கேமராவின் பட்டையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். ஆர்லிஸைப் பார்த்தார். மேவிஸ் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுத்தேன்" என்றார் நார்பர்ட் கடைசியில். "பின்னாடி சுவர் மொட்டையா இருந்துச்சு, நாலு ஓட்டையோட. பத்திரிகைல அது தெரியக்கூடாதுன்னு, கொஞ்சம் எடப்பக்கம் தள்ளி நில்லுங்கன்னு நான்தான் சொன்னேன். அப்பதான் நீங்க காயின அவங்க கைல வெச்சீங்க."

"நார்பர்ட்."

"இன்னிக்குக் காலைல சீஃப். மீன் போனதுக்கு அப்புறம்." அடுத்த வார்த்தை அவர் வாய்க்குப் பழக்கமில்லாததால் வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது.

"நடந்துச்சு."